வண்டி வராத வியாழன்கள்

படிவத்தின் ஏழாம் கட்டம் கேட்கிறது:
பயனடைந்தோர் எத்தனை பேர்?
ஆடுகளைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பதற்கு
அடிக்குறிப்பு எதுவும் இல்லை.

போட்ஷபெலோ. புகலிடம் என்று பொருள்.
ஊருக்கு வைத்ததோடு அலுத்துவிட்டது போலும்,
குடியிருப்புகளுக்கு வெறும் எழுத்துகளை
ஏ, பி, சி என்று எறிந்துவிட்டுப் போனார்கள்.
நாங்கள் இருப்பது கே.
கே முடிந்து எல் தொடங்கும் இடத்தில் ஓடை,
ஓடையில் பதினோரு வருடக் குப்பை.

பகலில் ஆலையில் சட்டைக் காலர் தைக்கிறேன்.
மாலை ஐந்தரைக்கு
ஜன்னல் அறுத்த கப்பல் பெட்டி ஒன்றின்
பூட்டைத் திறக்கிறேன்.
உள்ளே பதினாறு மேசை.
டிசம்பரில் அதில் ரொட்டி சுடலாம்,
ஜூலையில் விரல் விறைத்துப் பேனா நழுவும்.
சங்கம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வது இதைத்தான்.
கூடவே ஒரு ரப்பர் முத்திரை,
நான்கு மண்வாரி,
வங்கியில் அறுநூற்றுப் பதினேழு ராண்ட்.

முதல் ஆண்டு நாற்பது காட்டு ஆலிவ் கன்று நட்டோம்.
முப்பத்தொன்றை ஆடு தின்றது.
ஆட்டுக்காரர் துலோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.
"மரம் நடுவதாக ஆட்டிடம் யாரும் சொல்லவில்லையே" என்றார்.
எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
சிரிப்புதான் வந்தது.
மறுநாள் மீதி ஒன்பதையும் சுற்றி
முள் வெட்டிப் போட்டிருந்தார்.
அவர் மகள் புசெலெட்ஸோ
கணக்கு வகுப்பில் முதல் வரிசை.

மூன்று சனிக்கிழமை ஓடையில் இறங்கினோம்.
இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டை.
பாதி எரிந்த டயர், ஃபிரிட்ஜின் கதவு மட்டும்,
பையில் சம்பளச் சீட்டோடு ஒரு கோட்டு,
பிறகு நாப்கின், நாப்கின்,
ஊரிலுள்ள குழந்தைகள் எல்லாம்
எங்களுக்கென்றே நனைத்தது போல.
நான்காம் சனிக்கிழமை போய்ப் பார்த்தால்
ஓடை பழையபடி நிறைந்திருந்தது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

புசெலெட்ஸோதான் கேட்டாள்:
"வண்டி என்றைக்கு வரணும்?"
வியாழன்.
"வருதா?"

அன்றிலிருந்து வியாழன்தோறும் ஒரு கோடு.
வந்தால் மேலே, வராவிட்டால் கீழே.
ஆறு மாதம்.
இருபத்தாறு வாரத்தில் நான்கு முறை.
"பதின்மூன்றில் இரண்டு" என்று சுருக்கினான் தெபெல்லோ,
நிகழ்தகவில் எப்போதும் தோற்பவன்.
பெட்டியின் வெளிச்சுவரில்
சுண்ணாம்புக் கட்டியால் ஆளுயரத்துக்கு எழுதினோம்.
தண்ணீருக்குப் போகிற பெண்கள் நின்று படித்தார்கள்.
ஒருத்தி மட்டும் கேட்டாள், இது ரக்பி ஸ்கோரா என்று.

நகராட்சியில் மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள்.
அதிகாரி வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.
வாயைத் திறப்பார், பட்ஜெட் இல்லை என்பார்,
நான் பதில் தயாராக வைத்திருந்தேன்.
"அச்சுக்குப் பெயர் எழுதலையே" என்றார்.
தன் பேனாவால்
கீழே 'வாரம்' என்று எழுதினார்.
பக்கவாட்டில் எழுதப் போனவர்
கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடியே இருந்து
'நாங்கள்' என்று எழுதினார்.

அடுத்த வியாழன் வண்டி வந்தது.
அதற்கடுத்ததும்.
மூன்றாவது வியாழன் எல்லாரும் வாசலிலேயே நின்றோம்.
தூசி கிளப்பி வந்தது
சவப்பெட்டிக் கடைக்காரரின் வேன்.

புசெலெட்ஸோ கீழே ஒரு கோடு போட்டாள்.
"இருபத்தொன்பதில் ஆறு."
தெபெல்லோ ஓரத்தில் இரண்டு தரம் வகுத்துப் பார்த்தான்.
"இது சுருங்காது, மிஸ்."
அப்போது மின்சாரம் போயிற்று.
ஒருவர் மாற்றி ஒருவராகத்
தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏழாம் கட்டத்தில் எழுதிவிட்டேன்: 6/29.
அனுப்பியவர்கள் எழுதிக் கேட்பார்கள்,
இது எத்தனை பேர் என்று.
கேட்கட்டும்.
ஒன்பது கன்றும் முழங்கால் உயரம்.
ஒன்று மட்டும் கொஞ்சம் சாய்ந்து
முள்வேலிக்கு வெளியே தலை நீட்டியிருக்கிறது.
ஆடு இன்னும் பார்க்கவில்லை.